ஈரல் பங்கு

எங்கள் ஆய்வகத்தின் படகை ஓட்டுகிறவரை எல்லோரும் படகண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். பதிவேட்டில் அவருக்கு ஒரு பெயர் இருக்கிறது. விடுப்பு எழுதிக் கொடுக்கும் நாளில்தான் அது வெளியே வரும். அவரோ விடுப்பே எடுக்க மாட்டார். மாதத்தில் ஒரு நாள் காலை ஆறரை மணிக்குக் கிளம்பி, கழிமுகத்தில் ஒன்பது இடங்களில் படகை நிறுத்தி, தண்ணீருக்கு அடியில் கிடக்கும் சேற்றை அள்ளிக்கொண்டு வருவார். அதே இடங்களில் வலை போட்டுக் கெளுத்தி மீனும் கொண்டு வருவார். அந்தச் சேற்றையும் மீனையும் பக்குவம் செய்து, அதில் என்ன விஷம் எவ்வளவு இருக்கிறது என்று கருவியில் வைத்துப் பார்ப்பது என் வேலை. இருபது வருடமாக அவர் அள்ளுகிறார், நான் அளக்கிறேன். என்ன சோப்புப் போட்டாலும் இரண்டு பேர் கையிலும் வாடை போனதில்லை.

குறிப்பெடுக்க நானும் படகில் போவேன். அவருக்கு வாய் சும்மா இருக்காது. சேறு அள்ள ஓர் இரும்புக் கவ்வி உண்டு. வாயைத் திறந்தபடி கயிற்றில் இறங்கும், அடியைத் தொட்டதும் சேற்றோடு வாயை மூடிக்கொள்ளும். "நம்ம ஆபீசுல வாயை மூடத் தெரிஞ்சது இது ஒண்ணுதான்" என்று மாதா மாதம் சொல்வார். மாதா மாதம் நான் சிரிக்க வேண்டும். சிரிக்காவிட்டால் இன்னொரு முறை சொல்வார். கவ்வியை இறக்குவதற்கு முன்னாலேயே இத்தனை அடி ஆழம் என்று சொல்லிவிடுவார். கயிற்றை இழுத்துப் பார்த்தால் அதுதான் இருக்கும். எனக்கு எரிச்சலாக வரும். இருபத்திரண்டு வருடமாக அளவுக் கருவியோடு மாரடிக்கிறவளுக்கு முன்னால் ஒருவர் கருவியே இல்லாமல் சரியாகச் சொன்னால் எப்படி இருக்கும்?

கழிமுகத்தில் வந்து விழும் கால்வாயின் ஓரத்தில் ஒரு காலத்தில் டிரான்ஸ்பார்மர் பழுது பார்க்கும் ஆலை இருந்தது. பழைய எண்ணெயை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றுவார்கள். வடித்ததெல்லாம் கால்வாய்க்குப் போனது. ஆலையை மூடி முப்பது வருடம் ஆகிறது. கட்டடத்தின் செங்கல் முதல் கதவுக் கீல் வரைக்கும் ஆள்கள் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். எண்ணெயை யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லை. அது தண்ணீரில் கரையாது. சேற்றோடு ஒட்டிக்கொண்டு அடியில் படுத்துவிட்டது. சேற்றைத் தின்னும் புழுவுக்குள் கொஞ்சம் போகும். அந்தப் புழுக்களைத் தின்னும் குஞ்சு மீனுக்குள்ளும் நண்டுக்குள்ளும் இன்னும் கொஞ்சம் அதிகமாகப் போகும். அவற்றைத் தின்று கொழுக்கிற கெளுத்திக்குள் எல்லாம் வந்து சேரும். சேர்ந்தது வெளியே போகாது. தண்ணீரில் ஒன்றுமே இல்லை என்று கருவி சொல்லும் அதே இடத்தில், வயதான ஒரு கெளுத்தியின் வயிற்றில் அது குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கும். மீனுக்கு ஒன்றும் தெரியாது. அது பாட்டுக்கு நீந்தும்.

இப்போது எங்கள் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

மீன் வந்ததும் எடை போட்டு, நீளம் எடுத்து, முதுகில் ஒரு பக்கம் மட்டும் தோலை உரித்துத் தீப்பெட்டி அளவுக்குச் சதை வெட்டி எடுப்பேன். படிவத்தில் அப்படித்தான் அச்சடித்திருக்கிறது: முதுகுச் சதை, தோல் நீக்கியது. மக்கள் சதையைத்தான் சாப்பிடுகிறார்கள், அதனால் சதையைப் பார்த்தால் போதும் என்று எவரோ ஒருவர் எந்தக் காலத்திலோ முடிவு செய்திருக்கிறார். சதையில் வரும் அளவு ஒவ்வொரு வருடமும் வரம்புக்குள்தான் இருந்தது. அறிக்கையும் அப்படியே போகும். வெட்டியது போக மீதி மீன் குப்பைக்குப் போக வேண்டும். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த, காலையில் பிடித்த மீன் அது. குப்பையில் போட யாருக்கு மனசு வரும்? படகண்ணன் எடுத்துக்கொண்டு போவார். பை கட்டிக் கொடுப்பது நான்.

முதலில் வெறும் மீனாகத்தான் போனது. அவர் வேலைக்குச் சேர்ந்த மறு வருடம் அவருடைய மகளுக்கு ஆறு வயது. பொழுது சாய்ந்தால் பிள்ளைக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. வாசற்படியில் தட்டித் தட்டி விழுந்தாள். டாக்டர் பார்த்துவிட்டு, சத்துக் குறைவு, ஈரல் நிறையக் கொடுங்கள் என்றார். அன்றிலிருந்து மீனை வெட்டும்போதே ஈரலைத் தனியாக எடுத்து, சின்ன டப்பாவில் போட்டு, பையின் மேலாக வைப்பேன். அவர் மனைவிக்கு ஈரல் வாடை பட்டாலே குமட்டும். அதனால் அவரே உப்புப் போட்டுக் கழுவி, அவரே வறுத்து, தட்டில் வைத்து மகள் எதிரில் உட்கார்ந்துகொள்வார். மூன்றே மாதத்தில் பிள்ளை சாயங்காலத்தில் வாசலில் பாண்டி ஆடினாள். அந்த அதிசயத்தைக் கண்ணால் பார்த்த மனிதரிடம் ஈரலைப் பற்றி யாராவது வேறு மாதிரி பேச முடியுமா?

மீதி மீனை அவர் தெருவுக்குப் பங்கு வைப்பார். "இது சோதிச்ச மீனு. கடையில வாங்குறது மாதிரி இல்ல" என்று பெருமையடித்துத்தான் கொடுப்பார். சோதித்தது உண்மை. எதைச் சோதித்தோம் என்பதுதான் விஷயம். சதை ஊருக்கு, ஈரல் மகளுக்கு. இருப்பதிலேயே பெரிய, வயதான மீனாகப் பார்த்து, "இந்த ஈரலைத் தனியா வை தங்கச்சி, இது நம்ம புள்ளைக்கு" என்பார். நானும் வைப்பேன். மகளுக்குக் கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளிக் குடிபோன பிறகும் டப்பா நின்றதில்லை. மாப்பிள்ளை தட்டில் ஒரு துண்டு விழுந்தால் இவர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும் என்று அந்தப் பெண் என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். என்னை அத்தை என்று கூப்பிடுகிறவள் அவள்.

இடையில் ஒரு நாள் அவர் ஒரு கேள்வி கேட்டார். அறிக்கைத் தாளை எட்டிப் பார்த்துவிட்டு, ஆண் மீனில் எண் ஏறிக்கொண்டே போகிறது, பெண் மீனில் மட்டும் வருடத்தில் ஒரு தடவை சட்டென்று இறங்குகிறதே, அது ஏன் என்றார். முட்டை போட்ட பிறகு இறங்கும் என்றேன். கொழுப்பெல்லாம் முட்டைக்குப் போகிறது, கொழுப்போடு அதுவும் போகிறது என்றேன். "அப்ப ஆம்பளை மீனுதான் பாவம்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அன்றைக்கு அது எங்களுக்கு ஒரு வேடிக்கை.

போன வருடம் புது அதிகாரி வந்தார். வந்த முதல் வாரமே, முதுகுச் சதையை மட்டும் ஏன் எடுக்கிறீர்கள் என்று கேட்டார். படிவத்தில் அப்படி இருக்கிறது என்றேன். படிவத்தை எழுதியவர் மீன் சாப்பிடுவாரா என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. கேள்வி சரியாக இருந்தால் எனக்குக் கோபம்தான் வரும். இந்த மாதம் ஈரலையும் பாருங்கள், அதிகாரி என்ற முறையில் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன் என்றார். அந்த மாதம் படகண்ணனின் பையில் டப்பா இல்லை. "என்ன தங்கச்சி, புள்ளைக்கு ஏழு மாசம். இப்பப் போய்ப் பங்கைக் குறைச்சிட்டியே?" என்று கேட்டார். அடுத்த மாதம் சேர்த்துத் தருகிறேன் என்றேன். மகள் உண்டானது தெரிந்த நாளிலிருந்து, இரண்டு உயிருக்கு என்று சொல்லி ஒன்பது இடத்து மீனின் ஈரலும் அவளுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது.

கருவி ஓடும்போது தாளில் ஒரு கோடு வரும். விஷம் இருக்கும் இடத்தில் கோடு மலை மாதிரி எழும்பும். மலையின் அளவைப் பார்த்துத்தான் எண்ணைக் கணக்கிடுவோம். சதைக்கு வருவது சின்ன மேடு. ஈரலுக்கு வந்த மலை தாளுக்குள் அடங்கவில்லை. நான் ஏதோ தவறு செய்துவிட்டேன் என்று நினைத்தேன். பத்து மடங்கு நீர்க்க வைத்து மறுபடியும் ஓட்டினேன். அப்போதும் அடங்கவில்லை. இன்னும் பத்து மடங்கு. கண்ணாடிக் குழாய்களையெல்லாம் கழுவி, புதுக் கரைப்பான் எடுத்து, முதலிலிருந்து செய்தேன். சாப்பாட்டு நேரம் போய்விட்டது. கடைசியாக எண் வந்தபோது, சதையில் இருப்பதைப் போல அறுபத்தைந்து மடங்கு என்று இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதிகாரி வந்து பார்த்துவிட்டு, இந்த ஈரலை யாராவது சாப்பிடுகிறார்களா என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். யார் என்றும் சொன்னேன். கட்டிக் கொடுத்தது யார் என்பதையும் சொன்னேன்.

படகண்ணனிடம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். படகுத் துறையில் கவ்வியைக் கழுவிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னேன். கொஞ்ச நேரம் குழாய்த் தண்ணீர் கவ்வியின் மேல் கொட்டிக்கொண்டே இருந்தது.

"நல்லாத்தானே கழுவுவேன்? உப்புப் போட்டு மூணு தண்ணி கழுவுவேனே."

"கழுவினாப் போகாதுண்ணே. அது மேல ஒட்டிக்கிட்டு இல்ல. கொழுப்புக்குள்ள இருக்கு."

"நல்லா முறுக வறுப்பேன்."

"வறுத்தாலும் போகாது."

அதற்குப் பிறகும் அவர் விடவில்லை. மீனின் வயதைக் கேட்டார், எந்த இடத்து மீன் என்று கேட்டார். ஒன்பதாவது இடம் கால்வாயிலிருந்து தள்ளித்தானே இருக்கிறது, அந்த மீனில் குறைவாக இருக்குமே என்றார். ஆழத்தைத் துல்லியமாகச் சொல்கிற மனிதர் ஏதாவது ஓர் ஓட்டை கிடைக்குமா என்று என்னிடம் தடவித் தடவித் தேடினார். ஒன்றும் கிடைக்கவில்லை. குழாயை மூடினார். "நான் பார்த்துப் பார்த்துக் குடுத்தேன் தங்கச்சி" என்று மட்டும் சொன்னார். நான்தானே பார்த்துப் பார்த்து வைத்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அந்த நேரத்தில் என் பங்கைப் பற்றிப் பேசி மனப் பாரத்தை இறக்குவது கூட எனக்கு ஒரு வசதிதான் என்று பட்டது.

மகளிடம் அவர் எப்படிச் சொன்னார் என்பது எனக்குத் தெரியாது. அதிகாரி தெரிந்த ஆஸ்பத்திரியில் ஏற்பாடு செய்து, அவள் இரத்தத்தை எடுத்துச் சோதிக்க அனுப்பினார். முடிவு வந்த அன்று நானும் கூடப் போனேன். டாக்டரின் அறையில் இரண்டு நாற்காலிதான் இருந்தது. அவளும் நானும் உட்கார்ந்தோம். படகண்ணன் எடை பார்க்கும் கருவிக்குப் பக்கத்தில் சுவரோடு நின்றார். எவ்வளவு நாளாகச் சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் அவளைக் கேட்டார். பதினெட்டு வருடம் என்று இவர் பதில் சொன்னார்.

எண் அதிகம்தான் என்றார் டாக்டர். மற்றவர்களுக்கு இருப்பதைப் போலப் பல மடங்கு. அதற்காக இது நோய் என்று சொல்ல முடியாது. பிள்ளைக்கு என்ன ஆகும் என்றும் சொல்ல முடியாது. ஒன்றும் ஆகாமலே போகலாம், கொஞ்சம் மெதுவாகப் பேசலாம், படிப்பில் கொஞ்சம் பின்தங்கலாம். உடம்பிலிருந்து இதை எடுக்கிற மருந்து கிடையாது. ஈரலை நிறுத்துங்கள், அந்தத் தண்ணீரின் மீனையே நிறுத்துங்கள், பிறந்ததும் தாய்ப்பால் கட்டாயம் கொடுங்கள். பாலில் அது கொஞ்சம் வரத்தான் செய்யும். ஆனாலும் பால் கொடுக்காமல் இருப்பதில்தான் கெடுதல் அதிகம் என்றார். நிதானமான, நல்ல டாக்டர். அவர் மேல் கோபப்பட ஒரு காரணமாவது கிடைத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வெளியே வந்ததும் அவள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குக் கண்ணு தெரியுதேப்பா. நீங்க குடுத்ததாலதானே தெரியுது" என்றாள். அவர் தெருவைக் கடக்கும்போது, ஆறு வயதுப் பிள்ளையைக் கூட்டிப் போவது போல அவளைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்.

அதிகாரி சும்மா இருக்கவில்லை. சேற்றைத் தோண்டி எடுத்துவிட முடியாதா என்று மேலிடத்துக்கு எழுதினார். கூட்டம் போட்டார்கள். தோண்டினால் அடியில் படுத்திருப்பது கிளம்பிக் கழிமுகம் முழுக்கப் பரவும், கிளறாமல் விடுவதே நல்லது, புதுச் சேறு வந்து தானாக மூடிக்கொள்ளும் என்று முடிவானது. மூட எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டதற்கு நாற்பது, ஐம்பது வருடம் என்றார்கள். துறையில் ஓர் அறிவிப்புப் பலகை வந்தது. இங்கு பிடிக்கும் மீனின் ஈரலை உண்ண வேண்டாம் என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. அதன் மேல் யாரோ வலை காயப்போடுகிறார்கள். படிவத்தையும் மாற்றிவிட்டார்கள், முதுகுச் சதைக்குக் கீழே ஈரல் என்று ஒரு வரி சேர்ந்திருக்கிறது. பத்தொன்பது வருடம் கழித்து ஒரு வரி.

படகண்ணன் தெருவில் வீடு வீடாகப் போய்ச் சொன்னார். அங்கே எல்லோரும் சதை சாப்பிட்டவர்கள். யாருக்கும் பெரிதாக ஒன்றுமில்லை. அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. நல்லதென்று தன் பிள்ளைக்கு எடுத்து வைத்ததில்தான் விஷம் நிறைந்திருந்தது, மிச்சமென்று ஊருக்குக் கொடுத்தது கெடுதல் செய்யவில்லை.

அவர் பேச்சு குறைந்துபோனது. மாதா மாதம் கவ்வி வாயைத் திறந்தபடி இறங்கி மூடிக்கொண்டு ஏறியது. அந்த நகைச்சுவை வரவில்லை. வராதா என்று நான் காத்திருந்தேன். ஆழத்தையும் முன்கூட்டிச் சொல்வதில்லை. கயிற்றைப் பார்த்து எழுதிக்கொள் என்று விட்டுவிட்டார். மீன் வெட்டியதும் மீதியை அவர் கையாலேயே குப்பைப் பையில் போட்டு, இறுக்கிக் கட்டி, எரிக்கிற இடத்துக்குக் கொண்டு போனார்.

ஆண் குழந்தை பிறந்தது. அழுதது, கை காலை ஆட்டியது, பால் குடித்தது. பார்க்கிறவர்கள் எல்லோரும் தாத்தா ஜாடை என்றார்கள். நான் போய்ப் பார்த்தபோது அவர் குழந்தையின் முகத்துக்கு நேரே விரலை இப்படியும் அப்படியும் நகர்த்தி, கண் கூடவே வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். வந்தது. அவர் நிறுத்தவில்லை, இன்னொரு தடவை பார்த்தார்.

ஆறு மாதம் ஆனதும் டாக்டர் அவள் இரத்தத்தை மறுபடியும் எடுத்துப் பார்க்கச் சொன்னார். முடிவு வந்த மறுநாள் அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அப்பாவோடு ஆய்வகத்துக்கே வந்துவிட்டாள். வந்ததும் தாளை என் முன்னால் நீட்டினாள். "பாருங்க அத்தை, மூணுல ஒரு பங்கு குறைஞ்சிடுச்சு. போகவே போகாதுன்னு சொன்னீங்க" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு. தாளைப் பார்த்தேன். எண் சரியாகத்தான் இருந்தது. நல்லது என்றேன். குழந்தையைக் கையில் வாங்கினேன்; கனமாக இருந்தது. பாலைத் தவிர வேறு எதையும் தொட மாட்டேன் என்கிறான், நன்றாக எடை போட்டிருக்கிறான் என்று அவள் பெருமையாகச் சொன்னாள். குழந்தை சிணுங்க ஆரம்பித்தது. பசிக்கிறது போல என்று வாங்கிக்கொண்டு வராந்தாவில் இருக்கும் பெஞ்சுக்குப் போனாள்.

படகண்ணன் போகவில்லை. தாள் என் மேசையில்தான் கிடந்தது. அதை எடுத்து நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"தங்கச்சி, முட்டை போட்ட மீனைப் பத்தி ஒரு தடவை சொன்னியே."

"ஆமாண்ணே."

"அதே மாதிரிதானா இது?"

நான் எவ்வளவோ எண்களை எழுதிக் கையெழுத்துப் போட்டவள். ஆமா என்ற அந்த இரண்டு எழுத்தைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. தலையை மட்டும் அசைத்தேன்.

"குறைஞ்சது எங்க போச்சுன்னு அவ இன்னும் கேக்கல" என்றார். "கேட்டா என்ன சொல்றது?"

கதவு பாதி திறந்திருந்தது. அவள் முதுகும், அவள் கைக்கு வெளியே தொங்கி ஆடிக்கொண்டிருந்த சின்னப் பாதமும் தெரிந்தன. குழந்தை மடக் மடக்கென்று குடிக்கிற சத்தம் உள்ளே வரைக்கும் கேட்டது. அது குடித்து முடிக்கிற வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் உள்ளேயே நின்றோம்.